முத்தமிழ் என்போம், மூன்றாந்தமிழை மறப்போம்!



'முத்தமிழ்' என்று முழங்காத மேடை நம் நாட்டில் இல்லை. ஆயின், அம்மூன்றனுள் ஒன்றாகிய நாடகத்தமிழுக்கு நம் புலவருலகம் செய்தது யாது? 'கூத்தாடி' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை வசைச்சொல்லாக்கியதன்றி வேறென்ன?

1891-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டிற்றான் பேராசிரியர் சுந்தரனாரின் மனோன்மணீயம் வெளிவந்தது. அவ்வாண்டிற்றான் சென்னையில் பம்மல் சம்பந்தனார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்து, உப்பளத்திற் கணக்கெழுதி வந்த இளைஞர் ஒருவர், தம் 24-ஆம் அகவையில் அவ்வேலையை உதறி நாடகக்குழுவிற் சேர்ந்ததும் அக்காலத்தேதான். அவரே சங்கரதாசு அடிகளார். மனோன்மணீயம் கல்லூரிப் பாடமாயிற்று; சம்பந்தனாரின் சபை கற்றோர் மன்றமாய்ப் புகழ் பெற்றது. உப்பளத்திலிருந்து வந்தவரோ நம் இலக்கிய வரலாறுகள் பலவற்றில் ஓரிரு வரிகளில் ஒடுங்கிவிட்டார்.

அவர் கல்லாதவரா? பழநித் தண்டபாணி அடிகளிடம் தமிழ் பயின்றவர். வெண்பாவும் கலித்துறையும் விருத்தமும் கைவரப் பெற்றவர். இரணியனாகவும் இராவணனாகவும் எமனாகவும் மேடையேறினார். அவர் வேடத்தின் கடுமை கண்டு பெண்ணொருத்திக்குக் கேடு நேர்ந்தமையால் வேடம் புனைதலையே விட்டார் என்பது நாடகவுலகம் வழிவழியாய்ச் சொல்லிவரும் செய்தி. இடையே துறவு மேற்கொண்டு ஊர்தோறும் திரிந்தவரைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை மகன்போல் ஏற்று மீண்டும் நாடகத்துக்கு மீட்டார். நடிகர் நாடகாசிரியர் ஆனார். நடிப்போர் தத்தம் வாய்க்கு வந்ததைப் பேசி ஒப்பேற்றிய மேடைக்கு, வரம்புள்ள பாட்டும் உரையும் அவரால் வாய்த்தன.

"அவர் நாடகங்களில் வடசொல் மலிந்துள்ளதே" என்பர் நம்மவருட் சிலர். மலிந்துள்ளது, மறுப்பாரில்லை. ஆனால் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கங் கண்டது 1916-இல். அடிகளார் மேடை புகுந்ததோ அதற்கு 25 ஆண்டுகட்கு முன். பின்வந்த அளவுகோலால் முன்னிருந்தாரை அளந்து தள்ளுவது முறையாகுமா? அங்ஙனமாயின் அக்காலத்து உரைநடை நூல்களுள் எத்தனை தேறும்? எழுத்தறியா உழவனும் விடியவிடிய விழித்திருந்து, குறட்கருத்தையும் நாலடிக் கருத்தையும் செவியாரப் பருகச் செய்தவர் அவர். பள்ளியில் வெண்பாவை மாணவர்க்கு ஊட்ட நாம் படும் பாட்டை நாமறிவோம். அவரோ அதனை ஊர்ப் பொட்டலில் ஊட்டினார்!

அவர் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். நூற்றாண்டு கடந்தும், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் விழாக்களில், முன்பின் ஒருவரையொருவர் அறியாத நடிகர் ஓரிரவிற் கூடி, ஒத்திகையின்றியே வள்ளி திருமணம் நடிக்கின்றனர். எப்படி இயல்கிறது? அனைவர் நெஞ்சிலும் அவர் வகுத்த பாட்டும் உரையாடலும் பதிந்துள்ளமையால். ஏட்டிலன்றி மக்கள் நாவில் இவ்வாறு வாழும் புலவர் நம்முள் எத்துணையர்?

அவர் இயற்றியவை 68 என்பர். ஏறத்தாழ 40 நாடகங்களின் பெயரே தெரிகின்றன. கிடைப்பன அவற்றினுங் குறைவு. ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ.வே.சாமிநாதரைப் போற்றும் நாம், முதிய நடிகர் வீட்டுப் பெட்டிகளிற் செல்லரிக்கும் பாட்டுச் சுவடிகளைத் தேடினோமா?

விழாவெடுப்பதும் படந்திறப்பதும் போதா. அவர் நாடகம் ஒன்றேனும் தமிழ்ப்பாடத்தில் இடம்பெறல் வேண்டும். தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் வட்டாரத்து நாடகக் கலைஞரை நாடி, கையெழுத்துப் படிகளைப் படியெடுத்துக் காத்தல் வேண்டும். இவற்றைச் செய்யும்வரை 'முத்தமிழ்' என்று முழங்க நமக்கு உரிமையில்லை.