செல்போன் செய்ய ஆள் இருக்கு... ஷெட் கட்ட ஆள் எங்கே? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பெல்ட்டில் என்ன சிக்கல்?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியதும் வரிசையாக ஃபேக்டரிகள். ஹூண்டாய் 90களில் வந்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் 2010இல், டைம்லர் 2012இல். இன்னொரு பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான். இந்த கேட்களுக்கு வெளியே பயோடேட்டாவோடு நிற்கும் இளைஞர்களைப் பார்க்காத நாளே இல்லை.

ஆனால் அதே ஃபேக்டரியின் ஷெட்டைக் கட்ட, கம்பி கட்ட, தரை போட ஆள் தேடினால்? மேஸ்திரிகளிடம் வரும் பதில் ஒன்றுதான்: "ஆள் இல்ல சார்."

உண்மையிலேயே ஆள் இல்லையா?

2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த சிஐஐ மாநாட்டில் எல்&டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசியது நினைவிருக்கலாம். நலத்திட்டங்களால் தொழிலாளர்கள் ஊரைவிட்டு வரத் தயங்குகிறார்கள் என்று அவர் சொன்னது சர்ச்சையானது. அந்தச் சண்டையில் அவர் சொன்ன ஒரு கணக்கு அமுங்கிப் போச்சு. நிறுவனத்துக்குத் தேவை 4 லட்சம் தொழிலாளர்கள். அதற்காக வருஷத்துக்கு எடுக்க வேண்டியது 16 லட்சம் பேர்!

அதாவது ஒரே வேலைக்கு வருஷத்தில் நாலு பேர் மாறுகிறார்கள். ஆக, ஆட்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், தங்குவதில்லை. நலத்திட்டத்தை மட்டும் குறை சொன்னால் இந்தக் கணக்குக்கு விடை கிடைக்காது.

மூணு மாசத்தில் கிளம்பிவிடும் ஒருவருக்கு யார் வேலை கற்றுத் தருவார்கள்? ஆர்ஐசிஎஸ் - நைட் ஃபிராங்க் 2023 அறிக்கைப்படி, நாட்டின் சுமார் 7.1 கோடி கட்டுமானத் தொழிலாளர்களில் 81 சதவீதம் பேர் திறன் பயிற்சி இல்லாதவர்கள்.

ஷெட் வேலையில் அப்படி என்ன இருக்கு?

வீடு கட்டுவது மாதிரி இல்லை இது. கான்கிரீட்டில் பதிக்கும் ஆங்கர் போல்ட் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், கிரேன் தூக்கி வரும் இரும்புத் தூணின் ஓட்டை அதில் உட்காராது. தரை இன்னும் மோசம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும், மெஷின் நிற்கும், மேடு பள்ளம் இருக்கவே கூடாது. கான்கிரீட் இறுகுவதற்குள் மட்டம் பார்த்து முடிக்கத் தெரிந்த ஒரு டீம் வேண்டும். சுவர் பூச்சில் கெட்டிக்காரரான கொத்தனாரும் இங்கே புதுசாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிப் பழகிய டீம் ஊருக்குக் கிளம்பினால் வேலை அப்படியே நிற்கும்.

அவர்கள் கிளம்ப காரணத்துக்கா பஞ்சம்? ஹோலி, சத் பூஜை, பக்ரீத், தேர்தல். 2020 ஊரடங்கில் நடந்தே போனவர்களை டிவியில் பார்த்தோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரித்தது. பயத்தில் ரயில் ஏறியவர்கள் பலர்.

உள்ளூர் பசங்க ஏன் வரலை?

ஏன் வரணும்? பக்கத்து கேட்டில் பிஎஃப், இஎஸ்ஐ, கேன்டீன், கம்பெனி பஸ். இங்கே வெயில், வாரக்கூலி, கம்பெனிக்கும் கூலிக்கும் நடுவே கான்ட்ராக்டர், சப்-கான்ட்ராக்டர், மேஸ்திரி என மூணு கை. அரசின் பெரிய முதலீடும் ஃபேக்டரி பக்கம்தான். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் நவீனமாக்கும் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியதே ஒரகடத்தில்தான். அங்கே ரோபோ, சிஎன்சி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கரணை பிடிப்பதை ஒரு வேலையாக மதித்துக் கற்க, அந்த அளவுக்கு ஓர் இடம் இல்லை.

தங்குமிடத்தைப் பாருங்கள். வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். அது ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்காக. அதைக் கட்டுவது போன்ற வேலைக்கு வருபவர்களுக்கு? பல சைட்களில் தகர ஷீட் கொட்டகைதான். வேலை நடக்கும் இடத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடம் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு மத்திய சட்டமே சொல்லியிருந்தது.

கண்ணெதிரே இருக்கும் ஆட்கள்

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கு: சித்தாள்கள். சிற்றாள் என்பதுதான் பேச்சில் சித்தாள் ஆனது. பெயரிலேயே சின்ன ஆள்! கையாளாகச் சேரும் பையன் சில வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவார். அதே நாளில் சேர்ந்த பெண், இருபது வருஷம் கழித்தும் சட்டி தூக்கிக்கொண்டிருப்பார். கலவை பதம், செங்கல் கட்டு, பூச்சு என அத்தனையும் அவருக்கு அத்துப்படி. கூலி மட்டும் சித்தாள் கூலி.

சில கிலோமீட்டர் தள்ளி, நுணுக்கமான செல்போன் அசெம்பிளி வேலைக்கு பெண்களைத்தான் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். கொத்தனார் கிடைக்கலைன்னு புலம்பும் கான்ட்ராக்டர், தன் சைட்டில் உள்ள சித்தாளுக்கு ஒரு கரணை கொடுத்துப் பார்த்ததாகக் கேள்விப்படவில்லை.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

இதே மாவட்டத்தில் நீவளூரில் எல்&டியின் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் அரசின் பயிற்சி மையம். நலவாரியத்தில் பதிவு செய்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் விசாரிக்கலாம். கொத்தனார், கம்பி வளைப்பவர், பிளம்பர், வெல்டர் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பயிற்சி நாட்களில் தினக்கூலியை இழக்க வேண்டுமே என்பதுதான் பலருக்கும் தடை. அதனால் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா, எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நடுவே பூந்தமல்லி வரை மெட்ரோ வேலை. அடுத்து, ஏகனாபுரம் மக்கள் வருஷக்கணக்கில் எதிர்த்துவரும் பரந்தூர் விமான நிலையம். அது தொடங்கினால் ஒரகடத்தில் இன்று கம்பி கட்டும் அதே டீமைத்தான் அங்கேயும் கூப்பிடுவார்கள்.