உடையத் தெரிந்த ஜன்னல்

ராணுவக் கட்டடம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அகழி, கோட்டை, இரண்டு முழ கனத்துக்குச் சுவர், வாசலில் மீசை வைத்த சிப்பாய். நிஜத்தில் பல ராணுவக் கட்டடங்கள் உங்கள் ஆபீஸ் மாதிரிதான் இருக்கும். மேஜை, ஃபைல், டீ, லீவ் லெட்டர். அதைக் குண்டுவெடிப்புக்குத் தாங்குகிற மாதிரி மாற்று என்றால், 'இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிடலாமே ஸார்' என்பார் இன்ஜினீயர். 'பணம் இல்லை, இருக்கறதை வெச்சுச் சமாளி' என்பார் அக்கவுண்ட்ஸ்காரர். இந்த இருவர் சண்டையில் பிறந்த கலைக்குப் பெயர் 'ரெட்ரோஃபிட்டிங்'.

லட்சுமி வெடியைத் தெருவில் வைத்தால் சத்தம். அதையே தகர டப்பாவுக்குள் வைத்தால் ஆஸ்பத்திரி. வெடியைவிட, அது பறக்கவிடும் சில்லுதான் வில்லன்.

1996 ஜூன் 25 இரவு, சவூதி அரேபியாவில் கோபார் டவர்ஸ் என்ற குடியிருப்பு. அமெரிக்க விமானப் படையினர் தங்கியிருந்த எட்டு மாடிக் கட்டடம். வேலிக்கு வெளியே, சுமார் 25 மீட்டர் தள்ளி, ஒரு டாங்கர் லாரியை நிறுத்திவிட்டு ஆட்கள் ஓடினார்கள். மொட்டை மாடிக் காவலர்கள் அதைப் பார்த்துவிட்டு, கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கீழே இறக்க ஆரம்பித்தார்கள். சில நிமிஷங்களில் லாரி வெடித்தது. 19 பேர் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். கட்டடத்தின் முகமே பெயர்ந்துபோனது. ஆனால் மொத்தமாகச் சரியவில்லை. ஆட்களைக் குத்திக் கிழித்ததில் பெரும் பங்கு ஜன்னல் கண்ணாடிக்கு.

இதில் வேதனை என்னவென்றால், சில்லு பறக்காமலிருக்கக் கண்ணாடியில் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள் ஒட்டலாம் என்ற யோசனை அதற்கு முன்பே எழுத்தில் இருந்தது. செலவு ஜாஸ்தி, பின்னால் வரும் பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். 'நெக்ஸ்ட் இயர் பார்க்கலாம்' என்ற வாக்கியம் எல்லா தேசத்து ஆபீஸ்களிலும் ஒரே பாஷைதான்.

வெடிக்கு எதிராக இருப்பதிலேயே மலிவான மருந்து, தூரம். ஒரு குண்டு 10 மீட்டரில் செய்யும் அட்டகாசத்தை 20 மீட்டரில் செய்ய வேண்டுமென்றால், இரண்டு மடங்கு மருந்து போதாது. எட்டு மடங்கு வேண்டும். அதனால்தான் ராணுவ இன்ஜினீயர்கள் முதலில் வேலியை நகர்த்துகிறார்கள், பார்க்கிங்கைத் தள்ளுகிறார்கள். கட்டடத்தை நகர்த்த முடியாதே என்கிறீர்களா? ரோட்டை நகர்த்தலாம். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனை ஒட்டிப்போன 110-ம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிற்பாடு நிஜமாகவே தள்ளிப் போட்டார்கள்.

பென்டகனின் கதை கொஞ்சம் விசேஷமானது. 1941 செப்டம்பர் 11 அன்று வேலை ஆரம்பித்து, சுமார் 16 மாதத்தில் கட்டி முடித்த ஐங்கோணப் பூதம். யுத்தம் முடிந்தபின் பழைய ஃபைல்களை அடுக்கி வைக்கும் கிடங்காக மாற்றலாம் என்ற எண்ணம் அன்றைக்கு இருந்ததால், தளங்கள் தேவைக்கு மேல் கனம் தாங்கும்படி அமைந்தன. தூண்கள் நெருக்கமாக நின்றன. அவற்றுக்குள் இரும்புக் கம்பியை ஸ்பிரிங் மாதிரிச் சுற்றியிருந்தார்கள்.

ஐம்பது வருஷத்தில் வயரிங் நைந்து, குழாய்கள் ஒழுகி, கட்டடம் தள்ளாட ஆரம்பித்தது. ஐந்து பகுதியாகப் பிரித்துப் புதுப்பிக்கத் தீர்மானித்தார்கள். 1995-ல் ஓக்லஹோமா நகரத்தில் அரசு அலுவலகம் ஒன்று லாரி குண்டில் சரிந்து 168 பேர் இறந்ததும், அடுத்த வருஷம் கோபார் டவர்ஸும் சேர்ந்து கண்ணைத் திறந்தன. 'எப்படியும் சுவரைப் பிரிக்கிறோம். அப்படியே பாதுகாப்பையும் பார்த்துடலாம்' என்றார்கள். குழாய் ரிப்பேரோடு ஒட்டிக்கொண்டு வந்த பாதுகாப்பு அது.

முதல் பகுதியில் என்ன செய்தார்கள்? ஏறக்குறைய 2 அங்குல கனத்தில் கண்ணாடி. ஒரு ஜன்னல் சுமார் 1,600 பவுண்டு. அதாவது நம் மாருதி 800 கார் ஒன்றைச் சுவரில் மாட்டிய மாதிரி. ஆனால் கண்ணாடியை மட்டும் பலமாக்கினால், வெடித்ததும் ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து வந்து உங்கள் மேஜையில் உட்காரும். ஆகவே அதைப் பிடித்துக்கொள்ள, தளத்துக்குத் தளம் கோத்த இரும்புக் குழாய்ச் சட்டங்கள். செங்கல் பறக்காமலிருக்க, சட்டங்களுக்கு நடுவே சுவருக்குப் பின்னால் கெவ்லார் மாதிரியான முரட்டுத் துணி. கூடவே தீயணைக்கும் ஸ்ப்ரிங்க்ளர்.

2001 செப்டம்பர் 11, காலை 9.37. கட்டட வேலை தொடங்கிய அதே தேதி, 60 வருஷம் கழித்து. கடத்தப்பட்ட விமானம் ஒன்று பென்டகனின் ஐந்து பகுதிகளில் சரியாக அந்த முதல் பகுதியில் வந்து மோதியது. மராமத்து முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. பலர் இன்னும் குடிவரவில்லை.

விமானத்தில் இருந்த 59 அப்பாவிகளும், கட்டடத்தில் 125 பேரும் இறந்தார்கள். கீழ்த்தளத்தில் சுமார் 50 தூண்கள் ஒடிந்தோ நொறுங்கியோ போயின. ஆனாலும் மேல் தளங்கள் உடனே விழவில்லை. ஏறக்குறைய 20 நிமிஷமாவது நின்றுவிட்டுத்தான் ஒரு பகுதி சரிந்தது. அந்த நேரத்துக்குள் மேலே இருந்த பலர் புகைக்குள் தவழ்ந்து வெளியே வந்துவிட்டார்கள். 2003-ல் வந்த அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தின் அறிக்கை, 1941-ன் ஸ்பிரிங் தூண்களுக்கும் நெருக்கமான அமைப்புக்கும் பெரிய மார்க் போட்டது. புது ஜன்னல்களில் பல, மோதிய இடத்துக்கு அருகிலேயே விழாமல் நின்றன.

எல்லாம் சுபமில்லை. வெடிக்கு உடையாத ஜன்னல், தப்பிக்க நினைப்பவனுக்கும் உடையாது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்தும் கண்ணாடி அசையவில்லை. சட்டம் பிளந்திருந்த இடத்தில் நெம்பித்தான் சிலரால் குதிக்க முடிந்தது. வெளியாளைத் தடுக்கும் எதுவும் உள்ளாளையும் தடுக்கும். இதற்கு இன்னும் பூரணமான விடை கிடையாது.

இப்போது அமெரிக்க ராணுவத்தில் விதியே இருக்கிறது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் செலவு, புதிதாகக் கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால், பாதுகாப்புத் தரத்துக்கும் உயர்த்தியாக வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய ரகம்தான் ஜன்னலுக்கு. உங்கள் கார் முன் கண்ணாடி அதே ஜாதி. விரிசல் விடும், சிதறாது. வேன்களின் பின்தட்டில் அடிக்கும் பாலிமர் பூச்சைச் சுவரில் தெளித்தும் அமெரிக்க விமானப் படை சோதித்தது. சுவர் கிழியும், செங்கல் பறக்காது.

இத்தனையும் செய்து வாங்குவது உடையாத கட்டடத்தை அல்ல. அப்படி ஒன்று கிடையாது. வாங்குவது இருபது நிமிஷம். ஒன்றும் நடக்காதவரை ஆடிட்டர் அதற்கு வைக்கும் பெயர் வீண் செலவு.

இருபது நிமிஷத்தில் என்ன செய்ய முடியும் என்று சந்தேகமா? நாளைக்கு உங்கள் ஆபீஸில் மாடிப்படிக் கதவு வரை போய்ப் பாருங்கள். பென்டகனில் ஃபைல்களுக்காகப் போட்ட தளம் உயிரைக் காப்பாற்றியது. உங்கள் படிக்கட்டை ஃபைல் ரேக் அடைத்துக்கொண்டு நின்றால், அதே ஃபைல்தான் எமன். நகர்த்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 'நெக்ஸ்ட் இயர் பார்க்கலாம்' என்பார்கள். நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நீங்களே நகர்த்திவிடுங்கள், ஸார். பட்ஜெட் கேட்காத ஒரே ரெட்ரோஃபிட்டிங் அதுதான்.