எருக்குழியும் தென்னையும்

வீட்டுக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கச் சொல்கிறவர்கள் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது ‘கொம்போஸ்த்’ என்ற சொல் தெரிந்தது. காண்டாமிருக வண்டைத் தெரிந்துகொண்டது நாகர்கோவில் வந்த பிறகு. அது முட்டையிடுவது மட்கும் எருவில்.

ஓய்வுபெற்ற புதிதில் குழியை ஆறேழு மாதம் கிளறாமல் விட்டேன். பக்கத்துத் தென்னைகளின் ஓலை கத்தரியால் வெட்டினதுபோல் விரிந்தது. இளந்தென்னை ஒன்று பட்டே போயிற்று.

மாதம் ஒருமுறை கிளறி, சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து குழியில் தெளித்தாலும் புழு நோய்வந்து சாகும். மீன் தலை மட்டும் வேண்டாம். பெருச்சாளி குடும்பத்தோடு வரும்.

இதற்கெல்லாம் உடம்பு வணங்காதென்றால், தென்னை நிற்கும் வீட்டில் குழியே வெட்டாதீர்கள். குப்பை மாநகராட்சி வண்டியிலேயே போகட்டும்.