விரல் நுனியில் ஒரு காதல்

ஜப்பானியர்கள் எடுக்கும் சித்திரப் படங்களுக்கு 'அனிமே' என்று பெயர். நம் வயதுக்காரர்கள் அதைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கக் கூடாத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். 'யுபிசாகி தோ ரென்ரென்' என்பது தொடரின் பெயர். யுபிசாகி என்றால் விரல் நுனி. ரென்ரென் என்றால் விட்டு நீங்க முடியாத காதல் ஏக்கம். 2024 ஜனவரியில் தொலைக்காட்சியில் தொடங்கிய 12 பகுதித் தொடர் இது. சூ மொரிஷிதா என்ற ஒரே பெயரில் இரண்டு பெண்கள், ஒருவர் கதை எழுத மற்றவர் வரைய, 2019-ல் ஆரம்பித்த சித்திரக் கதைதான் இதற்கு மூலம். நான் பார்த்தது முதல் பகுதி மட்டும்.

கதை சின்னது. யூகி கல்லூரி மாணவி. பிறவியிலேயே காது கேளாது. ரயிலில் ஒரு வெளிநாட்டுக்காரர் அவளிடம் வந்து ஏதோ வழி கேட்கிறார். அவர் வாய் அசைவதுதான் அவளுக்குத் தெரிகிறது. எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறும்போது, வெள்ளி நிறத் தலைமுடியோடு ஓர் இளைஞன் குறுக்கே வந்து அந்த மனிதருக்குப் பதில் சொல்லி அனுப்புகிறான். பெயர் இத்சுவோமி. அவள் படிக்கும் அதே கல்லூரி. பல தேசம் சுற்றுபவன், மூன்று மொழி பேசுபவன். அவளுக்குக் காது கேளாது என்று தெரிந்த பிறகும் அவன் முகம் மாறவில்லை. அவள் கைபேசியில் எழுத்தாகத் தட்டுகிறாள். அவன் அவள் முகத்துக்கு நேரே வந்து, உதடு தெரியும்படி பேசுகிறான். அங்கேயே அவள் மனம் போய்விடுகிறது.

இந்த ரயில் காட்சியை எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அந்தப் பெட்டியில் வேறு யாரிடம் அந்த வெளிநாட்டுக்காரர் கேட்டிருந்தாலும், அவர் மொழி தெரியாவிட்டால் கேட்கப்பட்டவரும் அந்த நேரத்துக்குச் செவிடுதான். வாய் அசையும், அர்த்தம் வராது. பிரெஞ்சில் படித்துவிட்டு 1970களில் புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோப்பெல்லாம் இங்கிலீஷ். மேலதிகாரி வேகமாக ஏதோ சொல்வார். அவர் முகத்தைப் பார்த்து, கை காட்டும் ஃபைலைப் பார்த்து, இதைத்தான் சொல்லியிருப்பார் என்று ஊகித்து நோட் போடுவோம். காது நன்றாகக் கேட்ட காலம்தான் அது.

இத்சுவோமிக்கு அவள் மேல் பரிதாபம் வரவில்லை. தனக்குத் தெரியாத இன்னொரு மொழி இங்கே இருக்கிறது என்ற ஆர்வம்தான் வருகிறது. காது கேளாமையை வியாதியாகப் பார்க்காமல் ஒரு மொழியாகப் பார்க்கும் இந்தப் பார்வைக்காகத்தான் முதல் பகுதியை மெச்சுகிறேன். இந்தப் பார்வை புதிதும் இல்லை. 1760 வாக்கில் பாரிஸில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளின் கை ஜாடையையே அடிப்படையாக வைத்துப் பாடம் சொன்னார். 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், கை கூடாது, வாயால்தான் பேசப் பழக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல தேசத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கையை அசைத்தால் குற்றம் என்றாயிற்று. ஜப்பானிலும் பல பத்தாண்டுகள் அதே கதைதான். அந்தத் தேசத்திலிருந்து இன்று, பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் காதல் கதையாக, விரல் விரலாக வரைந்த சைகை மொழி வருகிறது என்றால் சும்மாவா? சித்திரக்காரர்களுக்குக் கையை வரைவதுதான் பெரிய கஷ்டம் என்பார்கள்.

நம் தலைமுறைக்குக் காது கேளாதவர் கதை என்றால் கண்ணீர்தான். 1961-ல் ஜப்பானில் ஒரு படம் வந்தது. போருக்குப் பிந்தைய வறுமையில் வாழும் காது கேளாத தம்பதியின் கதை. அதன் தாக்கத்தில் குல்சார் 1972-ல் இந்தியில் 'கோஷிஷ்' எடுத்தார். அது தமிழில் 1977-ல் கமலும் சுஜாதாவும் நடித்து 'உயர்ந்தவர்கள்' ஆனது. கைக்குட்டை நனைய நனையப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். 2007-ல் ராதாமோகனின் 'மொழி' வந்தபோதுதான் அந்தப் பெண் கம்பீரமாக நின்றாள். ஜப்பானிலும் 2016-ல் 'கோயே நோ கத்தாச்சி' என்றொரு சித்திரப் படம் வந்தது. காது கேளாத சிறுமியைப் பள்ளியில் சக மாணவர்கள் படுத்திய பாட்டைச் சொல்வது. யூகியின் கதையில் இந்தத் துன்பம் எதுவும் இல்லை. சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. காது கேட்கும் பெண்களுக்குத் தித்திப்பான காதல் கதைகள் ஆயிரம் இருக்கின்றன. இவளுக்கு ஒன்று இருந்தால் என்ன?

இன்னொன்று கவனித்தேன். வாயே திறக்காத இந்தப் பெண்தான் முதல் பகுதியில் ஓயாமல் பேசுகிறாள். அவள் மனத்துக்குள் ஓடுவதெல்லாம் நமக்குக் கேட்கிறது. வெட்கம், சந்தேகம், குறும்பு எல்லாம் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஒன்றும் கேட்காது.

என் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்ற எண்ணம் பார்ப்பவர்களுக்கு வந்துவிடும். 'பணம்', 'மனம்' இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசமே தெரியாது. பிரெஞ்சில் ரொட்டி, குளியல், கை மூன்றுக்கும் உதடு ஒன்றுதான். இரண்டாவது, அந்தப் பையன் பழகிய முதல் நாளே கொஞ்சம் அதிகமாக நெருங்கி நிற்கிறான். இந்த இரண்டாவது குறையை பாரிஸ் பக்கம் இருக்கும் என் பேத்தியிடம் போனில் சொன்னேன். அவள்தான் பிரெஞ்சு எழுத்தோடு பார்க்கச் சொல்லி அனுப்பியவள். "தாத்தா, கிட்ட வராம எப்படி அவ உதட்டைப் பாப்பா?" என்றாள். அந்த ஊரில் 1978-ல் 'கோல்டொராக்' வந்த நாளிலிருந்து ஜப்பான் படங்கள் வீட்டுக்குள் நுழைந்தாயிற்று. அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனாலும் கிட்டே வருவது வேறு, மேலே விழுவது வேறு.

மூன்றாவது குறையா இல்லையா என்று தெரியவில்லை. யூகிக்குக் கேளாமை பிறப்பிலேயே வந்தது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். அவளுக்கென்று ஒரு மொழி இருக்கிறது, அதைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு எழுபதுக்கு மேல் காது போகிறது. சைகை மொழி தெரியாது, இனி கற்றாலும் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. இருந்த மொழிகள் ஒவ்வொன்றாகத் தேய்கின்றன. என் காது மிஷின் சத்தத்தைப் பெரிதாக்குகிறது. மிக்சி சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்கிறான் மகன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொன்னால் சிரிப்பு போய்விடும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'ஒண்ணுமில்ல' இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் அந்தப் பையன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசியதும் படத்தை நிறுத்திவிட்டு, பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன். காதலுக்காக மட்டும் பார்க்கவில்லை. முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாக, கையால் வாயை மறைக்காமல் பேசுவதற்கு மூன்று மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீசையைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. என் பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேசினால் மீசைதான் அசையும்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: ஒலியை முழுவதுமாக நிறுத்திவிட்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படித்து முதல் ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு ஒலியைத் திறங்கள். எழுத்து வேகமாக ஓடுகிறது; கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொள்ளவும்.