நாலு பேர் நாலு விதம்

ஒரு ஆல்பத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்னென்ன தேவை? இரண்டு காது, அரை மணி நேரம், கொஞ்சம் திமிர். இதுநாள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஆல்பம் கேட்டேன். அதற்குத் தேவைப்பட்டவை: நான்கு ஸி.டி. பிளேயர்கள், நான்கு ஆசாமிகள், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மற்றும் மனைவி ஊரில் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆல்பத்தின் பெயர் 'ஸைரீகா'. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1983-ல் ஆரம்பித்த 'ஃப்ளேமிங் லிப்ஸ்' கோஷ்டி 1997-ல் வெளியிட்டது. ஸைகடெலிக் ராக் வகை. அதாவது, தப்புத்தண்டா எதுவும் உள்ளே போகாமலே தலை சுற்ற வைக்கப் பார்க்கும் சங்கீதம். பெட்டியைத் திறந்தால் நாலு ஸி.டி. ஒவ்வொன்றிலும் எட்டு பாட்டு. மொத்தம் 32 என்று கணக்குப் போடாதீர்கள். எட்டுதான். ஒரே பாட்டைக் கூறு போட்டு நாலு தட்டில் வைத்திருக்கிறார்கள். நாலையும் நாலு பிளேயரில் போட்டு, ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால்தான் முழுப் பாட்டு.

இந்த விபரீத யோசனை எப்படி வந்தது? கோஷ்டித் தலைவர் வேய்ன் காய்ன் சின்ன வயதில் ஒரு கச்சேரிக்குப் போனபோது, கார் நிறுத்துமிடத்தில் பல கார் ரேடியோக்கள் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் பாடிக்கொண்டிருந்தனவாம். அது மனசில் தங்கிவிட்டது. பிற்பாடு முப்பது, நாற்பது கார்களை வரச்சொல்லி, ஆளுக்கொரு காஸெட் கொடுத்து, "நான் சொல்லும்போது ஆன் பண்ணுங்கள்" என்று பரிசோதனை செய்து பார்த்தார். எல்லோர் வீட்டிலும் நாற்பது கார் இருக்காது என்பதால், பெரிய மனசு பண்ணி நாலு ஸி.டி.யாகக் குறைத்துக்கொண்டார். வார்னர் பிரதர்ஸ் மாதிரி பெரிய கம்பெனி இதற்குச் சம்மதித்ததுதான் அதிசயம். எங்கள் ஆபீஸில் நாலு பேனா கேட்டாலே மூன்று கையெழுத்து வேண்டும்.

ரசிகர்கள் என்ன சொன்னார்கள்? ஒரு கட்சி "மேதைத்தனம்" என்றது. இன்னொரு கட்சி "பித்தலாட்டம்" என்றது. 'பிட்ச்ஃபோர்க்' என்ற இசை விமரிசன இதழ் பத்துக்கு 0.0 மார்க் போட்டது. புள்ளிக்கு அப்புறமாவது கொஞ்சம் கருணை காட்டியிருக்கலாம்! முக்கியமான புகார், நாலு பிளேயருக்கு எங்கே போவது என்பதுதான். நியாயம்தான். ஆனால் அதே இதழ், அதே கோஷ்டியின் அடுத்த ஆல்பமான 'த ஸாஃப்ட் புல்லட்டி'னுக்கு 1999-ல் 10.0 போட்டது. இரண்டுக்கும் வேலை நடந்தது ஏறக்குறைய ஒரே காலத்தில். வித்தியாசம்? பத்து மார்க் வாங்கியதற்கு ஒரே ஒரு பிளேயர் போதும். அப்புறம் அந்த இதழிலேயே ஆசிரியராக இருந்த மார்க் ரிச்சர்ட்சன், பூஜ்யம் வாங்கிய ஆல்பத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். ஸி.டி. கிடைத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பனின் பரண் உபயம். பிளேயர்தான் கிடைக்கவில்லை. இன்றைய லேப்டாப்பில் ஸி.டி. போட வாயே கிடையாது. ஒரு டி.வி.டி. பிளேயர், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டூ-இன்-ஒன், பக்கத்து வீட்டுப் பையனின் ஏதோ ஒரு வஸ்து... ஒருவழியாகத் தேறிவிட்டது.

ஆனால் ஆளைச் சேர்ப்பதுதான் மலையைப் புரட்டுகிற வேலை. காலேஜில் நாங்கள் நாலு பேர். பி.காம். முடித்து, ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஹோம் லோன், ஆளுக்கொரு ஹெட்ஃபோன். கடைசியாக நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்களில் ஒருவனின் அப்பா காரியத்தில். "மாசம் ஒரு தடவை பாக்கணும்டா" என்று அன்றைக்குச் சத்தியம் செய்தோம். அதோடு சரி.

"பாட்டு கேக்க நாலு பேர் எதுக்குடா? லிங்க் அனுப்பு, நான் பஸ்ல கேட்டுக்கறேன்" என்றான் ஒருவன். "லிங்க்ல வராதுடா, நீ வந்தாதான் பாட்டே வரும்" என்றேன். வந்துவிட்டான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!" அமுக்கினோம். ஒருவன் "மூணு" என்றதும் அமுக்கினான், ஒருவன் "மூணு" சொல்லி முடித்ததும் அமுக்கினான். மறுபடி முதலிலிருந்து. ஐந்தாவது தடவை சரியாக வந்தது. முதல் பாட்டின் தலைப்பு, 'சரி, ஒப்புக்கொள்கிறேன், எனக்கு நிஜமாகவே புரியவில்லை' என்ற அர்த்தத்தில். என் விமரிசனத்தை அவர்களே எழுதிவிட்டார்கள். இரண்டாவது பாட்டு, 2025-ல் வேலைக்குப் போவது பற்றி. 97-ல் கற்பனை செய்தார்களாம். வந்து பார்த்திருந்தால் பாட்டு இன்னும் சோகமாக இருந்திருக்கும்.

ஒரு விஷயம். எந்த இரண்டு பிளேயரும் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடாது. போகப் போக ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாத அவஸ்தை எனக்கு. கடைசிப் பாட்டில் நாய்கள் நாலு பக்கமும் குரைக்க, தெரு நாயும் ஐந்தாவது ஸி.டி.யாகச் சேர்ந்துகொண்டது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கருத்துக் கேட்டேன்.

"வெறும் டிரம்ஸ்தானேடா, மண்டை இடிக்குது" என்றான், டூ-இன்-ஒன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

"டிரம்ஸா? எனக்கு யாரோ அழற மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சுடா" என்றான் எதிர் மூலை.

மூன்றாமவன் டீ போட நடுவில் எழுந்து போயிருந்தான். "சமையல் ரூம்லேர்ந்து கேளுங்கடா. நாலும் சேர்ந்து ஒரே பாட்டா கேக்குது."

அப்போதுதான் உறைத்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. உட்கார்ந்த இடம் வேறு, கேட்ட பாட்டு வேறு. மேதைத்தனம் என்ற கட்சியும், பித்தலாட்டம் என்ற கட்சியும்கூட இப்படி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம். இந்த ஆல்பத்தைத் தனியாளாகக் கேட்டு மார்க் போடுவது, தனியாளாகச் சீட்டாடிவிட்டு ஆட்டம் மோசம் என்பது போல.

என் மார்க்கா? பாட்டுக்குப் பத்துக்கு ஆறு. அதற்கப்புறம் யாரும் கிளம்பவில்லை. டீ இரண்டாம் ரவுண்டு ஓடியது. அப்பாவைப் பறிகொடுத்தவன் மூன்று வருஷமாகச் சொல்லாத சிலதைச் சொன்னான். இரவு பத்தரைக்குத்தான் கலைந்தோம். அதற்குப் பத்துக்குப் பத்து.

"மனுஷனுக்குக் கடைசியில நாலு பேர் வேணும்" என்பார்கள் நம் ஊரில். தூக்குவதற்குத்தான். இந்த ஓக்லஹோமாக்காரர் புண்ணியத்தில் நாங்கள் கொஞ்சம் முன்கூட்டியே கூடிவிட்டோம்.