சாம்பாரையும் தொடாதவர்கள்

படம் முடிந்து லைட்டைப் போட்டதும் என் கண் வாசலுக்குத்தான் போகும். யார் யார் செருப்பு மாட்டுகிறார்கள் என்று பார்ப்பேன். பார்க்கக்கூடாதுதான். எட்டு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கொட்டகை என்பது ஒரு பழைய நெல் மண்டியின் மாடி. ஜமக்காளம் விரித்தால் 70 பேர் உட்காரலாம். வெள்ளையடித்த சுவர்தான் திரை. ஒரு புரொஜெக்டர், கடனில் வாங்கிய ரெண்டு ஸ்பீக்கர். மாதம் ரெண்டு சனிக்கிழமை, எடுத்தவர்களிடம் அனுமதி வாங்கிப் படம் போடுகிறோம். படம் முடிந்ததும் சோறு. ரெண்டுக்கும் சேர்த்து 100 ரூபாய். செங்கல் சூளையிலிருந்தும் துப்புரவு வேலையிலிருந்தும் நேராக வருகிறவர்கள் இருப்பதைக் கொடுக்கலாம். நாலு மணிக்கே அத்தை அடுப்பு மூட்டிவிடும். மாட்டுக்கறிக் குழம்பு, ரசம். கறி தின்னாதவர்களுக்குச் சாம்பார். வாடகை, கரண்டு, அத்தைக்கும் கூடமாட நிற்கிற ரெண்டு பெண்களுக்கும் கூலி, இதெல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்காது. இதைப் படித்துவிட்டு யாராவது கொட்டகை நடத்திப் பிழைக்கலாம் என்று கிளம்பினால் நான் பொறுப்பல்ல.

படம் ஓடும்வரை எல்லோரும் தோழர்கள்தான். ‘பரியேறும் பெருமாள்’ போட்ட அன்றைக்கு ஒரு பேராசிரியர் தேம்பித் தேம்பி அழுதார். லைட்டைப் போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, “கடைசி பஸ்ஸு போயிரும் தோழர்” என்றார். கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு. அப்போது மணி ஒன்பதே கால். கரண்டியோடு நின்ற அத்தை, “ஏப்பா, அழுத மனுசன் பசியோடல்ல போறாரு” என்றது. என்ன பதில் சொல்ல?

மாட்டுக்கறிதான் காரணம் என்று முதலில் நானும் நினைத்தேன். அதனால்தான் சாம்பாரே வந்தது. சாம்பாரும் அப்படியே சட்டியில் கிடந்தது. பருப்பு அவர்கள் வாங்குகிற கடையில் வாங்கியது, காய் அதே சந்தைக் காய். அவர்கள் வீட்டுச் சாம்பாரில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறதென்றால் அது அத்தையின் கைதான்.

1981இல் வந்த தமிழ் சினிமா பற்றிய நூலில் கா. சிவத்தம்பி, தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தை நிர்ணயித்தது சாதியல்ல, காசுதான் என்கிற பொருளில் எழுதினார். எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லீவில் ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். தாத்தா டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த ஆள். “அதெல்லாஞ் சரிதாண்டா, இன்ட்ரோல்ல டீ குடிச்சது எதுல?” என்றார். கொட்டகை வாசல் டீக்கடையில் அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், தாத்தாவுக்குச் சிரட்டை. சிவத்தம்பி கூரையைப் பார்த்தார், தாத்தா சிரட்டையைப் பார்த்தார். ரெண்டும் உண்மைதான். இருட்டில் பக்கத்தில் உட்காருவதில் தீட்டு தெரியாது. வெளிச்சம் வந்து வயிறு பசிக்கும்போதுதான் சாதி எழுந்து நிற்கிறது.

பழைய கதை என்பீர்கள். 2018 ஜூலையில் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்களே, அது எந்தக் காலத்துக் கதை? அந்தப் பானையில் மாட்டுக்கறியா இருந்தது?

போன மாதம் ஒரு தோழர் யோசனை சொன்னார். “சாப்பாட்ட விட்ருங்க தோழர். படத்தோட நிறுத்திக்கிட்டா கூட்டம் ரெட்டிப்பாகும்.” நான் முறைத்ததும், “சமபந்தியால சாதி ஒழியாதுன்னு அம்பேத்கரே சொல்லியிருக்காரே” என்றார். சொல்லியிருக்கிறார். 1936இல், லாகூர் மாநாட்டுக்காரர்கள் பேசவிடாமல் போனதால் தானே அச்சிட்டு வெளியிட்ட உரையில், சேர்ந்து உண்பது போதாது, சாதி கடந்த கல்யாணம் வேண்டும், அதற்கும் மேலே சாதியைப் புனிதமாக்குகிற சாத்திரங்களின் அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்றார். போதாது என்று சொல்ல, சாப்பிட்டுவிட்டல்லவா வரவேண்டும்? இலையிலேயே உட்காராதவர் அம்பேத்கரைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தியைக் குறை சொல்கிறார். அவர் மகளுக்கு எந்தத் தெருவில் மாப்பிள்ளை பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதே தோழர் மதுரைக்குப் போனால் மாலில் படம் பார்ப்பார். சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி, கொண்டுவந்து நீட்டுவதை வாங்கிச் சாப்பிடுவார். அதை யார் சமைத்தது என்று கேட்கமாட்டார். அங்கே சமைத்தவரின் முகம் தெரியாது, தெரு தெரியாது. எங்கள் அத்தையின் முகமும் தெரிகிறது, தெருவும் தெரிகிறது. தெரியட்டும் என்றுதான் அடுப்பைப் பின்கட்டில் வைக்காமல் படியேறுகிற இடத்திலேயே வைத்திருக்கிறோம்.

2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம், வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவருவதைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் நல்ல தண்ணீர் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று சொன்னது. பாப்கார்ன் விலையை எண்ணி எல்லோரையும்போல நானும் எரிச்சல்பட்டேன். பிறகுதான் உறைத்தது, மண்டி மாடியில் நானும் ஒரு தியேட்டர்காரன்தானே! என் கொட்டகையில் என்ன குழம்பு, யார் கை என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். தண்ணீர்ப் பானை வாசலிலேயே இருக்கிறது. ஒரே ஒரு சொம்புதான் வைத்திருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’, 2013இல் வந்த மராத்திப் படம். பேருக்கு என்ன அர்த்தம் என்று அத்தை கேட்டது. பன்றி என்றேன். “அப்ப அதையே வச்சிருவோம்” என்றது. ஆறு கிலோவுக்குச் சொல்லியாயிற்று. சாம்பாரும் உண்டு. கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு.