பூட்டி வைத்தால் சொத்தா?

பிள்ளைகளின் விளையாட்டு கார்டுகளைப் பூட்டி வைத்தால் நாளைக்குச் சொத்து என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆதாரம்: 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோன பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு. அது ஏன் அரிதானது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். விற்காமல் தேங்கிய அந்த ஆண்டுக் கார்டுகளை, அச்சிட்ட டாப்ஸ் நிறுவனமே 1960வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியது. மிச்சத்தைப் பையன்கள் ஆடித் தேய்த்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள்.

இவர் யோசனையை அமெரிக்கர்கள் 1980களின் கடைசியிலேயே பெட்டி பெட்டியாகச் செய்து பார்த்தாயிற்று. நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. பெரும்பாலானவற்றை இன்று சீண்ட ஆளில்லை. ஏலத்தில் மூலை மழுங்காத கார்டுக்குத்தான் விலை, அதாவது யாரும் விளையாடாததற்கு. இதைப்போய் பால்ய நினைவின் மதிப்பு என்கிறாரே! கார்டைப் பையன் கையில் கொடுங்கள் சார், கசக்கட்டும்.